ஓடைப்பட்டி வளைவில் ஓர் இறக்கை

சென்னைக்குக் கரன்ட் எந்த வழியாக வருகிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? நானும் யோசித்ததில்லை. போனால் திட்டுவேன், வந்தால் மறந்துவிடுவேன். போன வாரம் அது உத்தமபாளையம் பக்கத்து ஓடைப்பட்டியில், ஒரு டிரெய்லர் மேல் படுத்துக்கொண்டு, வளைவில் திரும்ப முடியாமல் நிற்பதைப் பார்த்தேன்.

சென்னை மின்வெட்டுக்குப் பயந்து நாலு நாள் லீவில் அங்கே போயிருந்தேன். (அங்கே மின்வெட்டு இன்னும் அதிகம் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. சரி, விடுங்கள்.) தங்கியது ஷாஜகான் வீட்டில். நானும் அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன்தான்; உத்தமபாளையம் காலேஜில் மூன்று வருடம் அவன் என்னோடு ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்ததும் நான் பத்திரிகைக்குப் போனேன், அவன் தன் அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவான்) திராட்சைத் தோட்டத்துக்குப் போனான். எங்கள் இருவரில் யார் புத்திசாலி என்பது இருவருக்குமே தெரியும் – பேசிக்கொள்வதில்லை.

ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் காற்றாலைகள் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனி பிறந்துவிட்டால் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளும். அதற்குள் இன்னொரு காற்றாலையை நிமிர்த்திவிட வேண்டும் என்று கம்பெனிக்கு அவசரம். அதற்கான இறக்கைதான் டிரெய்லரில் வந்திருந்தது. மூன்று பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளம்! டிரெய்லர் திரும்பினால் இறக்கையின் வால் போய் ஷாஜகானின் தோட்டத்து மூலையில் இடிக்கும். அங்கே திராட்சைப் பந்தலின் கம்பிகளைத் தாங்கும் கல்தூண், மூலைக்கல், நிற்கிறது.

கம்பெனி இன்ஜினியர் இறங்கி வந்தார். சென்னைக்காரர், முப்பது வயதிருக்கும், பேச்சில் அவ்வளவு பணிவு. என்னைப் பார்த்ததும், "சார், நீங்க வாராவாரம் எழுதுறவர்தானே? போன மாசம் பவர்கட் பத்தி எழுதினதை எங்க வீட்ல சத்தமா படிச்சாங்க" என்றார்.

போதாதா எனக்கு?

"ஒரே ஒரு கல்தான் சார். கிரேன் வெச்சு எடுத்துட்டு, பிளேடு போனதும் திரும்ப நட்டுத் தந்துடுறோம்" என்றார். நானும் பெரிய மனுஷனாக, "இதெல்லாம் ஒரு விஷயமா? நம்ம பையன்தான், நான் சொன்னா கேப்பான்" என்று சொல்லிவிட்டேன்.

ஷாஜகானிடம் போய் ஒரு பிரசங்கமே செய்தேன். ஊரே இருட்டில் கிடக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்... ஒரு கல்தானே, விட்டுக் கொடுடா என்றேன். அவன் என் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் கூட்டிப்போனான்.

"இந்தக் கம்பியில கைய வைய்யி, மாப்ள."

வைத்தேன். அவன் விறுவிறுவென்று நடந்து தோட்டத்தின் அடுத்த கோடிக்குப் போய், அதே கம்பியை விரலால் தட்டினான். அங்கே தட்டியது இங்கே என் உள்ளங்கையில் அதிர்ந்தது. நடுவில் இருந்த கொத்துகள் எல்லாம் லேசாக ஆடின.

திரும்பி வந்து சொன்னான்: "இந்தப் பக்கத்துக் கம்பி பூராவும் அந்த மூலைக்கல்லைப் பிடிச்சுத்தான் விறைப்பா நிக்குது. அதைப் பிடுங்குனா பந்தலே தொங்கிரும். காய் பூராத் தரையில கெடக்கும். அறுப்புக்கு இன்னும் பத்தே நாளு. வருஷத்துல இந்த ஒரு வெள்ளாமையை நம்பித்தான் நான் நிக்கிறேன். இப்பச் சொல்லு... ஒரு கல்தானா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தக் காற்றுப் பட்டு வளர்ந்தவன் நான். எனக்கே தெரியவில்லை என்றால் இன்ஜினியரை என்ன சொல்ல?

அவன் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பந்தல் கட்டும் கருப்பையா அண்ணனை வரச்சொன்னான். அவர் வந்து கல்லைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"கல்லை இப்பத் தொட வேணாம்னு மொதல்ல அவுககிட்டச் சொல்லுங்க. ரெண்டாவது கல்லுல இழுவைக் கம்பியப் போட்டு இறுக்கிருவோம். பெறகு மூலையை மட்டும் அவுத்துக் கல்லை எடுக்கலாம். அங்கன இருக்குற எட்டுக் கொடியையும் கம்பியோட அலுங்காம கீழ படுக்க வச்சிருவோம். ரெக்கை போனதும் தூக்கிக் கட்டிக்கிரலாம்."

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். நானும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதவி என்று நான் சொல்லிக்கொள்கிறேன், இடைஞ்சல் என்று கருப்பையா அண்ணன் சொல்வார். எட்டுக் கொடியையும் தூங்குகிற பிள்ளையைப் போல இறக்கி, வைக்கோல் மேல் படுக்க வைத்தார்கள். கிரேன் கல்லைத் தூக்கியதும் டிரெய்லர் அங்குலம் அங்குலமாகத் திரும்பியது. இறக்கையின் வால் அந்த மூலையைக் கடந்துபோனது. ஒரு காய்கூட உதிரவில்லை!

இன்ஜினியர் ஷாஜகானின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு இறக்கையோடு மேட்டுக்குப் போனார். உடனே கொடிகளைத் தூக்கி, கம்பியை இழுத்துக் கட்டி, கல்லை நட்டு, மண்ணை மிதித்து முடித்தபோது மதியம் ஆகிவிட்டது. டீ வந்தது.

ரோட்டில் ஹாரன் கேட்டது.

எட்டிப் பார்த்தால் – இன்னொரு டிரெய்லர். அதன்மேல் இன்னொரு இறக்கை. முன்னால் அதே இன்ஜினியர்.

"என்ன தம்பி இது?" என்றான் ஷாஜகான்.

"செகண்ட் பிளேடு சார். தேர்டு நாளைக்குக் காலைல வரும்."

காற்றாலைக்கு மூன்று இறக்கை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படம் போட்டால்கூட மூன்றுதான் போடும். ஓடைப்பட்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஷாஜகான் கேட்கவில்லை. கருப்பையா அண்ணன் கேட்கவில்லை. உலக விஷயமெல்லாம் எழுதுகிற நான் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று நினைத்து இன்ஜினியரும் சொல்லவில்லை. வந்து நின்ற ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தோம், எல்லோரும்.

"மறுபடி படுக்க வைக்க முடியாதாண்ணே?" என்று கேட்டேன்.

கருப்பையா அண்ணன் தலையை ஆட்டினார். "ஒரு தடவை தாங்குச்சுல்ல, அதுவே பெருசு. இன்னும் ரெண்டு வாட்டி எறக்கி ஏத்துனா காம்பு விட்ரும். அதுக சேந்து பக்கத்துக் கொடியையும் இழுத்துரும்."

ஷாஜகான் அந்த மூலைக்கல்லைக் கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தான். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் மெதுவாகச் சொன்னான்: "இந்த மூலை போகட்டும். ரெண்டாவது கல்லே இனி மூலையா இருக்கட்டும்ணே. நாளைக்குக் காத்தாடி ரிப்பேராச்சுன்னாலும் இந்த வழியாத்தானே போகணும்?"

நஷ்டஈட்டுக்கு எழுதித் தருகிறேன் என்றார் இன்ஜினியர். ஷாஜகான் தலையசைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தான். வேறு யாரையும் தொட விடவில்லை. எட்டுக் கொடியிலும் இருந்த கொத்துகளை ஒவ்வொன்றாக, அறுப்புக்கு அறுப்பது போலவே காம்பு பார்த்து நறுக்கிக் கூடையில் வைத்தான். பிறகு, கொடிகளை அடியோடு வெட்டச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் கூடையோடு எங்களிடம் வந்தான்.

டிரைவருக்கு ஒரு கொத்து, இன்ஜினியருக்கு ஒரு கொத்து, எனக்கு ஒன்று. தோட்டத்துக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டானாம்.

இன்ஜினியர் ஒரு பழத்தை வாயில் போட்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கொஞ்சம் புளிக்குது சார்" என்றார்.

"பத்து நாள் பொறுத்திருந்தா இனிச்சிருக்கும், தம்பி" என்றான் ஷாஜகான்.

நான் முகம் சுளிக்காமல் என் கொத்து முழுவதையும் தின்று முடித்தேன்.