கனமான ஸ்கீ கேட்டவள்

நோட்புர்காவை எங்கள் பனிமலைப் பள்ளத்தாக்கில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புர்கி என்றால் போதும். முப்பது வருடமாகப் பள்ளிக்கூடச் சமையற்காரி. நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சீஸ் உருண்டை போட்ட சூப்பை ஊற்றி முடித்த கையோடு, பனியில் சறுக்கும் ஸ்கீ பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவாள். ஸ்கீயின் அடியில் பின்னால் வழுக்காமலிருக்க முடி வைத்த பட்டையை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலால் ஏறுவாள். உச்சியில் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவாள். கம்பிவண்டியில் உட்கார்ந்து மேலே போகிறவர்களை அவள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

அவள் புருஷன் ரோமெட், தச்சன். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஐம்பது அடி பின்னால்தான் ஏறுவான். அது எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு, அவனுக்கும்தான். இரண்டு வருடம் முன்னால் அவனுக்கு இதயத்தில் அடைப்பு நீக்கினார்கள். மெதுவாக ஏறலாம் என்றார் டாக்டர். போன குளிர்காலத்தில் ஏறினான். ஒவ்வொரு வளைவிலும் புர்கி அவனுக்காக நின்றாள். நான்காவது வளைவில் அவன் பட்டையை உரித்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு இறங்கிவிட்டான். அதோடு அவன் ஸ்கீ நிலவறைக்குப் போய்விட்டது. இவளும் தனியாக இரண்டு மூன்று தடவை போய், பாதியிலேயே திரும்பி வந்தாள்.

டிசம்பரில் ஒரு நாள் மதியம் என் ஸ்கீ கடைக்குப் புர்கி வந்தாள். தபால்காரன் கஸ்ஸியான் வழக்கம்போல ஒன்றும் வாங்காமல் நின்றுகொண்டிருந்தான். ஏறும்போது எடையைக் குறைக்க ஊன்றுகோலின் கைப்பட்டையை அறுத்து எறிந்தவன் அவன். எங்கள் ஊர்க்காரர்கள் ஸ்கீ வாங்க வந்தால் எடையைத்தான் முதலில் கேட்பார்கள். ஏறும்போது காலில் கட்டிய ஒவ்வொரு கிராமும் உயிரை வாங்கும். அதனால் இருப்பதிலேயே லேசானதை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இது வேண்டாம் ட்ரூடா. அந்த அகலமானத எடு."

"அது இறங்கறதுக்கு மட்டும் ஆசைப்படற ஆளுங்களுக்குடி. ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ."

"அதான் வேணும்."

"அக்கா, அத மாட்டிக்கிட்டு ஏறினா ஈஸ்டர் பண்டிகைக்குத்தான் உச்சிக்குப் போவீங்க" என்றான் கஸ்ஸியான்.

"உனக்குத் தபால் இருக்குல்ல, கெளம்பு."

அவன் போனதும் எனக்குக் கோபம் வந்தது. அறுபத்தொரு வயதில் இவளுக்கு என்ன கிறுக்கு? கேட்டே விட்டேன்.

புர்கி பெஞ்சில் உட்கார்ந்தாள். "ரோமெட் ஒரே ஒரு தடவ வரேன்னு சொல்லியிருக்கான். நீ எனக்காக நின்னா திரும்பிடுவேன், இதான் அவன் பேச்சு. நான் நிக்காம, அவனும் பின்தங்காம போகணும்னா எனக்கு வேற வழி தெரியல."

"மெதுவா நடந்து தொலையேன். அதுக்கு எதுக்கு நாலு கிலோ?"

"மெதுவா நடக்கற மாதிரி நடிச்சா என் மூச்சே காட்டிக் குடுத்துடும். முப்பத்தஞ்சு வருஷமா பின்னாடியே வந்து கேட்ட மூச்சு. நெசமாவே எனக்கு இரைக்கணும். முட்டி வலிக்குது, இறங்கும்போது அகலமா இருந்தாத்தான் தாங்கும்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு."

நான் இருப்பதிலேயே கனமான ஸ்கீயை எடுத்து, அதற்கேற்ற கனத்தில் காலணிப் பூட்டையும் பொருத்தினேன். கடை வைத்த நாளிலிருந்து ஒருத்தருக்கும் இப்படி ஒரு துரோகம் செய்ததில்லை.

சனிக்கிழமை அதை எடுத்துப்போக அவள் வரவில்லை, ரோமெட் வந்தான். அவள் இதை யோசிக்கவே இல்லை, நானும் யோசிக்கவில்லை. பலகையைக் கையில் வாங்கினாலே எடை சொல்கிறவன் அவன். ஸ்கீயைக் கைக்கு ஒன்றாகத் தூக்கினான்.

"முட்டிக்கு நல்லதுப்பா. இறங்கும்போது ஆடாது" என்றேன், அவன் கேட்காமலே.

"முட்டிக்கா?" என்றான். "நேத்து மாடிப்படிய ரெண்டு ரெண்டா தாண்டி ஏறினா."

அவன் ஸ்கீயைச் சுவரில் சாய்த்துவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தான். கோபித்துக்கொண்டு போய்விடுவான், எல்லாம் கெட்டது என்றுதான் நினைத்தேன். அவன் உட்கார்ந்தபடியே ஒரு ஸ்கீயை மறுபடி தூக்கிப் பார்த்தான்.

"ட்ரூடா, இதவிட கனமா எதுவும் இல்லையா?"

"இல்ல. எதுக்கு?"

"அவளுக்கு இது பத்தாது. இதக் கட்டிக்கிட்டும் என்னை முந்திடுவா." மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "லேசானதாவே மாத்திக் குடு. முன்னாடி போய் எனக்காக நின்னா நிக்கட்டும். நான் வந்து சேந்துக்கறேன்."