வேங்கிக்காலில் கிடந்த சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்குக் கீழ்பென்னாத்தூரில் டவுன் பஸ் ஏறினேன். திருவண்ணாமலைக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெண்களுக்குக் காசு இல்லை என்பதால் கண்டக்டர் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். காலடியில் இரண்டு மூட்டை கத்தரிக்காய் இருந்தது. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "கோயிலுக்கா?" என்று கேட்டாள். தலையை ஆட்டி வைத்தேன். மகனுடைய சைக்கிளை எடுத்துவரப் போகிறேன் என்று சொன்னால் மேலே நாலு கேள்வி வரும். பதில் சொல்ல எனக்கு வராது.

என் மகன் தணிகாசலத்துக்கு இருபத்தேழு வயது. திருவண்ணாமலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒரு முறை வீட்டுக்கு வருவான். சின்னச் சக்கரம் வைத்த சைக்கிளில் சரிவுப் பலகை மேல் வேகமாக ஏறி, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இறங்குகிற விளையாட்டு ஒன்று உண்டு. பிஎம்எக்ஸ் என்கிறார்கள். நாற்பத்திரண்டு நாளுக்கு முன், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அப்படி ஓட்டும்போது விழுந்தான். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். இனிமேல் நடக்கமாட்டான், நீங்கள்தான் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார். நான் உள்ளே போய் அவனிடம், "ஆறு மாசத்துல எழுந்துடுவியாம்" என்று சொன்னேன். பார்க்க வந்த அவன் கூட்டாளிகளிடமும் அதையேதான் சொன்னேன். தினமும் காலையில் அவனுக்கு முகம் துடைத்துவிடும்போது அதைச் சொல்லுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அவனாகவே பேசினான். "அம்மா, வேங்கிக்காலுக்குப் போயி என் சைக்கிள எடுத்துக்கினு வா. நீயே தூக்கு. பசங்கள வுட்டுத் தூக்கச் சொல்லாத" என்றான். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. எழுந்ததும் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறான், மனசு விட்டுப்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு மல்லிகாவை அவனோடு இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆறரை மணி தாண்டி பஸ் ஊருக்குள் வந்தது. மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. பஸ் நிலையத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு வேலூர் ரோடு போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வேங்கிக்காலுக்கு இருபது ரூபாய். கலெக்டர் ஆபீஸ் தாண்டி, பாதியில் நின்றுபோன ஒரு கல்யாண மண்டபம் இருக்கும், அதற்கு எதிரே இறங்கு என்று தணிகா சொல்லியிருந்தான். மண்டபத்தின் தூண்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆட்டோவுக்குள் ஆறு பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் நிறுத்துங்கள் என்று குரல் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அடுத்த ஆள் இறங்குகிற இடம் வரைக்கும் போய், அவரோடு இறங்கிக்கொண்டேன்.

"நீ மண்டபம்னு தானேம்மா சொன்ன?" என்றார் டிரைவர். "வாயத் தொறந்து நிறுத்துன்னு சொன்னா அதுக்கு ஒரு காசு ஜாஸ்தியா கேக்கப் போறேனா? இப்ப அர கிலோமீட்டர் திரும்பி நட."

நடந்தேன். புது வீடுகள், நடுநடுவே முள்ளு மண்டிய மனைகள், கல் நட்டு எண் எழுதிய பிளாட்டுகள். ஏழு இருபதுக்கு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தேன்.

மண்டபம் என்று பேர்தான். பதினாறு தூண், மேலே பாதிக் கூரை, கீழே வழவழவென்று தேய்த்த சிமெண்டுத் தரை. கட்டியவர்களுக்குள் ஏதோ பங்காளித் தகராறாம், அப்படியே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர்கள் கூடுவது இங்கேதான். எட்டுப் பேர் இருந்தார்கள். சைக்கிள்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஓட்டுகிற உயரம்தான். ஓட்டுகிறவர்கள் பெரிய ஆட்கள். சக்கரத்து அச்சில் இரண்டு பக்கமும் கட்டை விரல் நீளத்துக்கு மேல் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் காலை வைத்து நின்றபடியே ஒருவன் முன் சக்கரத்தில் மட்டும் சுற்றிக் கொண்டிருந்தான். ஹெல்மெட்டுக்குப் பின்னால் அவனுடைய குடுமி வெளியே வந்து ஆடியது. கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை. எல்லோரும் அவனைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"சாமி, குடுமிய உள்ள தள்ளுடா. சக்கரத்துல மாட்டிச்சின்னா அண்ணாமலையாரே வந்து சிக்கெடுக்கணும்" என்று ஒரு பெண் கத்தினாள்.

"உனக்கு முன்னாடி ரெண்டு பல்லு இல்ல, நீ பேசாத" என்றான் அவன்.

அந்தப் பெண் அருணா. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் வேலை செய்கிறாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் எனக்குத் துணையாக இருந்தவள் அவள்தான். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். "அம்மா! தனியாவா வந்தீங்க? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

எல்லோரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார்கள். வயதில் மூத்தவர் நசீர். பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஒரு செங்கல் அடுக்கின் மேல் துண்டை விரித்து என்னை உட்கார வைத்தார். "தணிகா எப்படிம்மா இருக்கான்? கால் அசைக்கிறானா?" என்றார்.

"தேவல தம்பி" என்றேன். என் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. எட்டு முகமும் மலர்ந்தது. எனக்குத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிஸ்கட் வந்தது, தண்ணீர் வந்தது. இந்த ஊருக்கு இந்த விளையாட்டு எப்படி வந்தது என்று நசீர் சொன்னார். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய சைக்கிளை விட்டுவிட்டுப் போனாராம். அது பஞ்சர் ஒட்ட நசீர் கடைக்கு வந்தது. அதைப் பார்த்துப் பார்த்துக் குழாயை வெட்டி வெல்டிங் அடித்து மற்ற சைக்கிள்களையெல்லாம் செய்தது தணிகாவாம். "மெட்ராஸ்ல இருந்து வந்தவனுங்க கூட எந்தக் கம்பெனின்னு கேட்டானுங்கம்மா. தணிகா கம்பெனின்னு சொன்னோம்" என்றார். என் மகன் இப்படி ஒன்றைச் செய்தான் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

அப்போதுதான் பார்த்தேன். எந்த சைக்கிளிலும் பிரேக் இல்லை. கைப்பிடியில் ஒரு ஒயர்கூட இல்லை.

"பிரேக் எங்க தம்பி?"

"நாங்க வெக்கிறதில்லம்மா. ஒயரு இருந்தா ஹேண்டில் முழுசா சுத்தாது. நிறுத்தணும்னா இப்படி" என்று சாமி ஒரு சுற்று ஓட்டி, இடது செருப்பைப் பின் டயரில் அழுத்தி நின்று காட்டினான். ரப்பர் கருகிய வாசம் வந்தது.

பிரேக் பிடிக்கவில்லை, அதனால் விழுந்தேன் என்றுதான் தணிகா என்னிடம் சொல்லியிருந்தான். நாற்பது நாளாக நான் சைக்கிள் விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். விற்றவன் என்று யாரும் இல்லை, பிரேக் என்றும் எதுவும் இல்லை. உங்களைப் பெற்றவர்களுக்கெல்லாம் இது தெரியுமா என்று கேட்க நினைத்தேன். நசீருடைய தோள் எலும்பு ஒரு பக்கம் மேடாகச் சேர்ந்திருந்தது. அருணாவுக்குப் பல் இல்லை. ஆபரேஷன் அன்று வரிசையில் நின்று என் மகனுக்கு ரத்தம் கொடுத்தவர்கள் இவர்கள். கேட்கவில்லை.

"சைக்கிள எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்" என்றேன்.

நசீர் மண்டபத்தின் மறு கோடியைக் காட்டினார். அங்கே மூன்று பிளைவுட் பலகையை வளைத்து ஆள் உயரத்துக்கு ஒரு சரிவு கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால், இறங்குகிற இடத்தில், பழைய பேனர் துணி போர்த்தி என்னவோ கிடந்தது. சுற்றிலும் செங்கல் வைத்திருந்தார்கள். அருணா துணியை விலக்கினாள். தணிகாவின் சைக்கிள். ஒரு பக்கமாகச் சாய்ந்து, கைப்பிடி திரும்பி, விழுந்தது விழுந்தபடியே. சங்கிலியில் மட்டும் புதிதாக எண்ணெய் மின்னியது.

இவ்வளவு நாளும் யாரும் இதை நிமிர்த்திக்கூட வைக்கவில்லையா என்று எனக்குக் கோபம் வந்தது. குனிந்து கைப்பிடியைப் பிடித்தேன்.

"அம்மா, தூக்காதீங்க!" என்று அருணா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன்தாம்மா தூக்கச் சொன்னான். நீயே தூக்குன்னு சொல்லி அனுப்பினான்."

"அப்படியேவா சொன்னான்?" என்றார் நசீர். "நீயே தூக்குன்னா?"

"பசங்கள வுட்டுத் தூக்கச் சொல்லாதன்னும் சொன்னான்."

நசீர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சாமி ஹெல்மெட்டைக் கழற்றினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அருணாவைப் பார்த்தேன். அவள்தான் மெதுவாகச் சொன்னாள்.

விழுந்தவன் சைக்கிளை இங்கே வேறு யாரும் தொடுவதில்லையாம். விழுந்தவனே எழுந்து வந்து தூக்க வேண்டும். அன்றைக்கு முடியாவிட்டால், முடிகிற நாள் வரைக்கும் அது அங்கேயே கிடக்கும். நசீர் தோள் உடைந்து இருபது நாள் கழித்து வந்து ஒற்றைக் கையால் தூக்கினாராம், மற்றவர்கள் கை தட்டினார்களாம். தணிகாவின் சைக்கிள் இறங்குகிற இடத்திலேயே கிடப்பதால் நாற்பத்திரண்டு நாளாக அந்தப் பலகையில் யாரும் ஏறவில்லை. சங்கிலிக்கு எண்ணெய் விடும்போதுகூட சைக்கிளை நகர்த்தாமல், தாங்கள் தரையில் படுத்துக்கொண்டுதான் விட்டார்களாம்.

"அவன் வராம, வேற ஆள அனுப்பித் தூக்கச் சொன்னா?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"இனிமே ஓட்ட மாட்டேன்னு அர்த்தம்மா. எங்கள்ல ஒருத்தன் ஓசூர் கம்பெனி வேலைக்குப் போனப்ப அவன் தம்பிய அனுப்பித் தூக்க வெச்சான். அப்படித்தான் சொல்லி அனுப்புறது." அருணா என் கையை விட்டுவிட்டாள். "ஆறு மாசம்னு சொன்னீங்களேம்மா?"

நான் கைப்பிடியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தேன். அவனுக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியுமோ. நான் காலையில் முகம் துடைத்துவிட்டு ஆறு மாசம் என்று சொல்லும்போதெல்லாம், தெரிந்துகொண்டே "சரிம்மா" என்று சொல்லியிருக்கிறான். என்னிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இவர்கள் மூலமாக எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"டாக்டர் நடக்க மாட்டான்னுட்டாரு" என்றேன். வெளி ஆள் முன்னால் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நசீர்தான் எழுந்து வந்து, "இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்மா. எங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. இடம் தெரியல, திரும்பி வந்துட்டேன்னு சொல்லிடுங்க" என்றார்.

அப்படிச் செய்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. கூச்சப்பட்டு ஆட்டோவில் கடந்து போனவள்தானே, இடம் தெரியவில்லை என்றால் நம்புவான். நம்புவதுபோல் இருப்பான். அது இன்னொரு பொய், அதையும் அவன் படுத்துக்கொண்டே தாங்க வேண்டும். எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தூக்கினேன். சின்ன சைக்கிள்தானே என்று நினைத்தது தப்பு. அரிசி மூட்டை போல் கனம். முதல் தடவை முன் சக்கரம்தான் எழும்பியது. யாரும் உதவிக்கு வரவில்லை, வரக் கூடாது. இரண்டாவது தடவை நிமிர்த்திவிட்டேன். கீழே தரையில் சைக்கிள் வடிவத்துக்குத் தூசியில்லாத ஓர் இடம் இருந்தது.

யாரும் கை தட்டவில்லை. சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு குடுமியை அவிழ்த்து அவிழ்த்து முடிந்தான்.

ஒன்பது மணிக்கு நசீர் தெரிந்த ஆட்டோவில் என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். "அடுத்த ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரோம்மா, எல்லாரும்" என்றார் நசீர். வாங்க என்றேன். பஸ்ஸில் கண்டக்டர், "பாட்டிக்கு ஃப்ரீ, சைக்கிளுக்கு இருபது ரூபா. யாருக்கு, பேரனுக்கா?" என்றார். மகனுக்கு என்றேன். அவர் மறுபடி ஒரு முறை சைக்கிளைப் பார்த்துவிட்டுப் போனார்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக மலை முழுசாகத் தெரிந்தது. மேகம் விலகியிருந்தது. தீபத்துக்கும் பௌர்ணமிக்குமாக இந்த ஊருக்கு எத்தனையோ தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அன்றைக்குக் கேட்க எனக்கு எதுவும் வரவில்லை. ஊரெல்லாம் அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டிருக்கும்போது, எட்டுப் பிள்ளைகள் ஒரு சிமெண்டுத் தரையில் நாற்பத்திரண்டு நாள் என் மகனுக்காக இடம் விட்டு ஓட்டியிருக்கிறார்கள். என் வீட்டில் நானோ அவன் வாயைத் திறக்கக்கூட இடம் விடவில்லை.

பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மல்லிகா போனபிறகு சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்தேன். தணிகா அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயேதான் தூக்கினியா?"

"நானேதான்."

"அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"எல்லாம் சொன்னாங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டதிலிருந்து ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.