நான் போட்ட பூட்டு

திருகோணமலை துறைமுகத்தடியில் இருந்த என் வீட்டுக்கு வந்த குடும்பம் வாடகையும் தரவில்லை, வீட்டை விட்டு எழும்பவும் இல்லை.

"வழக்குப் போடுவம், நீங்கள் கை வைக்காதேங்கோ," என்றார் சட்டத்தரணி.

மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அவரைவிட மூளை அதிகம். கணவன் வேலைக்கும் மனைவி கடைக்கும் போன நேரம் வாசலில் புதுப் பூட்டைப் போட்டேன். மனம் இளகக் கூடாதென்று பூட்டோடு வந்த ஒரே திறப்பைக் கடலில் எறிந்துவிட்டு, பூட்டின் அழகைப் பார்க்கத் திரும்பி வந்தேன்.

உள்ளே குழந்தை வீரிட்டது.

கல்லெடுத்து அடித்தேன். பூட்டு அசையவில்லை. கடைக்குப் போன மனைவி ஓடிவந்தாள்.

"அண்ணை, பிள்ளை உள்ளுக்கை! திறவுங்கோ!"

"ஏலாது தங்கச்சி, திறப்பு கடலுக்கை!"

அவள் கல்லைப் பறித்து, பூட்டை விட்டு, அது தொங்கிய கொண்டியையே பெயர்த்தாள்.

மறுநாளே வழக்குப் போட்டேன். தவணை மேல் தவணையாய்த் தள்ளிப்போகிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்து நடப்பதால்தான் சட்டம் மெதுவாக நடக்கிறது போலும்.