முடிவைச் சொல்லிவிடும் மாரிக்கண்ணன்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் தமிழ்ப் புத்தகம் விற்கிறவர் மாரிக்கண்ணன். விற்கிறவர் என்பது ஒரு மரியாதைக்குத்தான். கடை அவர் மனைவி கோமதியின் தம்பி சுரேந்திரனுடையது. "தீபாவளிக்குள்ள புக்கு ஓடலைன்னா மொபைல் கவர் போட்டுருவேன் அத்தான்" என்று அவன் கெடு வைத்துவிட்டான். மாரிக்கண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. அந்தப் பயத்தில்தான் வாட்ஸ்அப்பில் குதித்தார்.

எங்கள் தாராவிப் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. அதனால் நாவலில் ஒரு பக்கத்தைத் தாமே வாசித்து, சரியான இடத்தில் நிறுத்தி, குரல் பதிவாக குரூப்பில் போட்டார். மனிதருக்கு என்ன குரல்! கல்யாண் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த நான் அதைக் கேட்டதில் சயானில் இறங்க மறந்து மாட்டுங்கா போய்ச் சேர்ந்தேன்.

போன்கள் குவிந்தன. புத்தகம்தான் நகரவில்லை. "அப்புறம் என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்று யார் கேட்டாலும் இவர் கடைசிப் பக்கம்வரை சொல்லிவிடுவார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் போனைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டிருப்பேன்.

"பாவம், ஆசையா கேக்குதாங்கல்லா" என்றார்.

"நாளைக்குக் கடை போச்சுன்னா அவங்களா சோறு போடுவாங்க?" என்று கோமதி போனை வாங்கிக்கொண்டாள்.

அடுத்து வந்தது ஒரு கல்யாண வீட்டு நாவல். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் தாலிச் செயினைக் காணோம். மாப்பிள்ளையின் அம்மா மயங்கி விழுகிறாள். சமையல்காரர் திருதிருவென்று முழிக்கிறார். மணப்பெண் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறாள். அதோடு பதிவு முடிந்தது.

முதலில் கூப்பிட்டவள் தையல் பட்டறை ஃபர்ஸானா. "அக்கா, யாரு எடுத்தது? ஜல்தி சொல்லுங்க."

கோமதி அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. "ஒனக்கு யார் மேல சந்தேகம்?"

"பொண்ணு மேலதான். அவளுக்கு இந்த ஷாதியே புடிக்கல."

"சரியாச் சொல்லிட்ட. அவளேதான்."

வடைக்கடை நாகராஜ் மாப்பிள்ளையின் அம்மாவைச் சொன்னார். அவருக்கும் அதே பதில்தான். கூப்பிட்ட ஒவ்வொருவரும் தன் மூளையை மெச்சிக்கொண்டு போனை வைத்தார். நான் சமையல்காரரைச் சொல்லியிருந்தேன் என்பதை வெட்கத்தோடு இங்கே எழுதுகிறேன்.

இரண்டு நாள் கழித்து நான் கடையில் இருந்தபோது ஃபர்ஸானாவும் நாகராஜும் கடைவாசலில் வந்து நின்றார்கள். வடை வாங்கப்போன இடத்தில் பேச்சு வளர்ந்து, எது உண்மை என்று தெரியாமல் விடுவதில்லை என்று வந்திருந்தார்கள். பின்னாலேயே பட்டறை ஆட்கள் இரண்டு பேரும் வந்து ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கோமதி அசரவில்லை. "எங்கிட்ட ஏன் கத்துதீங்க? புக்குல இருக்கு, வாங்கிப் பாருங்க."

"எழுத்துக்கூட்டியாவது படிச்சு இந்த ஆளு மூஞ்சில காட்டுதேன்" என்று ஃபர்ஸானா ஒன்று வாங்கினாள். நாகராஜ் விடுவாரா? அவரும் வாங்கினார். பட்டறை ஆட்களும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். மாரிக்கண்ணன் சில்லறை தேடிக் கையும் காலும் ஓடாமல் நின்றார்.

மொபைல் கவர் மாட்டச் சுவரை அளக்க சுரேந்திரன் டேப்போடு வந்தது அப்போதுதான். கொஞ்ச நேரம் கேட்டான். பொறுக்கமுடியாமல் உள்ளே புகுந்தான்.

"எல்லாருக்கும் பைத்தியமா? சமையல்காரன்டா! எங்கக்காவே போன்ல சொன்னா."

கூட்டம் அவன்மேல் பாய்ந்தது. மிச்சமிருந்த ஒரே பிரதியை அவனே எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். டேப் பாக்கெட்டுக்குள் போனது. "கவர் சமாச்சாரம் கெடக்கட்டும், மொதல்ல இத முடிக்கணும். அடுத்த தடவை நாலு புக்கு சேத்து வரவைங்க அத்தான்" என்றான். படி இறங்கியவன் திரும்பி வந்து மாரிக்கண்ணன் காதருகே குனிந்தான்.

"சமையல்காரன்தான? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

மாரிக்கண்ணன் வாயைத் திறந்தார். கோமதி பார்த்தாள். அவர் முகம் வேர்த்தது. பெற்ற பிள்ளைக்குச் சோறு இல்லை என்று சொல்கிறவர்போல் அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"படிச்சுப் பாரு மாப்ள" என்றார்.