குடைச் சிறகு

றோய்க்குக் கறுப்பு என்றால் உயிர். பகலில் அச்சகத்தில் கடதாசி வெட்டுகிறவன், வேலை முடிந்ததும் முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டுக்குள் புகுந்துவிடுவான். மணிக்கட்டில் கறுப்பு லேஸ், கண்ணோரம் மை, நெஞ்சில் பெரிய வெள்ளிச் சிலுவை. சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடித் தொகுதியில், பதினேழாம் மாடியிலிருந்து அவன் லிஃப்டில் இறங்கினால் சனம் ஒதுங்கி நிற்கும்.

"ஆற்றை செத்தவீட்டுக்கடா போறாய்?" என்பார் பக்கத்து வீட்டு இரத்தினவேல் அண்ணை.

"என்ரைக்குத்தான் அண்ணை. பிந்திப்போச்சு."

தொண்ணூற்று நாலு செப்டம்பரில் மன்னாரிலிருந்து அம்மா கிளடிஸ் வந்து இறங்கினார். அன்றோடு கறுப்பெல்லாம் கட்டிலுக்கடியில் போயிற்று. மண்ணிறச் சுவெற்றரோடு திரிந்தான். கண்ணாடியில் வேறு யாரோ ஒருவன் நின்றான். 'இதுக்கோ உன்னைப் பெத்தனான்' என்று அம்மா ஒரு சொல் சொல்லிவிட்டால்? அந்த ஒரு சொல்லுக்குத்தான் பயம்.

ஹலோவீன் நெருங்கியது. ஊரே வேஷம் கட்டுகிற அந்த ஒரு நாளில் யாரும் அவனைக் கேள்வி கேட்கமாட்டார்கள். காற்றடித்த நாளெல்லாம் சப்வே வாசலில் முறிந்து கிடந்த குடைகளைப் பொறுக்கி வந்தான். துணியைப் பிரித்து, கம்பியை வளைத்து, கட்டிலுக்கடியில் கிடந்த கோட்டை எடுத்து அதன் முதுகில் இரண்டு சிறகு தைத்தான்.

"உதென்ன, வௌவாலோ?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா. ஹலோவீனுக்கு. இஞ்ச எல்லாரும் செய்யிறவை."

"உந்தச் சிறகு காணாது. உன்ர பாரத்துக்கு விழுந்துபோவாய்."

சிறகு இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

அன்று பின்னேரம் மை தீட்டி இறங்கினான். தூறல். தெருவில் சிறகை விரித்தான். மழை, தனக்குப் பழக்கமான குடைகளை அடையாளம் கண்டதுபோல மெல்லத் தட்டியது. வாசல்களில் பூசணி விளக்குகள் மிதந்தன. குளிர் ஜக்கெற்றுக்குள் வேஷத்தை மறைத்த குட்டிப் பேய்கள் வாய் பிளந்து பார்த்தன. அவனுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

மறுநாள் சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்கு மண்ணிறச் சுவெற்றரோடு வெளியே வந்தான். அம்மாவின் மடியில் அந்தக் கோட் கிடந்தது.

"இதைப் போடன்."

"அது நேற்றைக்கு மட்டும், அம்மா."

"ஒரு நாள் போடுற உடுப்பு முழங்கையில தேயுமோடா?"

அவன் கோட்டின் முழங்கையைப் பார்த்தான். தேய்ந்த இடத்தில் அவனே இரண்டு தடவை இழையோட்டிய கறுப்பு நூல் தெரிந்தது. அதன்மேல் இப்போது குடைத்துணியில், அவன் தைக்காத புது ஒட்டு.

"நேற்று மேலயிருந்து பாத்தனான். பொடியனொண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு போச்சுது. ஆற்றை பிள்ளையோ எண்டு நினைச்சன்." கோட்டை உதறி நீட்டினார். "சிறகை மட்டும் கழட்டிப்போட்டு வா. கோயில்ல பின்னுக்கு இருக்கிறவைக்கு மறைக்கும்."