பானெட்டுக்குள் வைத்த ஏலக்காய் மாலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருஷமாக இழுத்துக்கொண்டே வந்தேன். நோட்டை எடுப்பேன், மேலே "முருகா" என்று எழுதுவேன், வெட்கம் வந்து மூடிவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், பிழை வந்துவிடும் என்று வீட்டில் சாக்குச் சொன்னேன். பிழை எழுத்தில் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் மகள் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்துவிட்டாள். பிள்ளை எழுந்து நடந்தால், எங்கள் தோட்டத்து ஏலக்காயைத் தன் கையால் கோர்த்து மாலையாகப் போடுகிறேன் என்று என் மனைவி திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்தாள். போடிமெட்டுச் சரிவில் எங்கள் சின்னத் தோட்டத்தின் முதல் பறிப்பை ஸ்டோர் என்கிற உலர்த்தும் கொட்டகையில் சூடு போட்டு உலர்த்தியதும், ஒரே அளவாக நூற்றியெட்டுக் காய் பொறுக்கி, மூன்று நாள் விரதம் இருந்து கோர்த்தாள்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் வைத்திருந்தார். அவரும் நாங்கள் மூவருமாகக் கிளம்பினோம். நேராகப் போய் மாலையைப் போட்டுவிட்டுத் திரும்புவது என்றுதான் பேச்சு. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த நாலு வரி சரித்திரம் அதுவரை எனக்குள் தூங்கிக் கிடந்தது. தேனி தாண்டியதும் முழித்துக்கொண்டது.

துறைமுகம் பார்க்கவேண்டும் என்று தூத்துக்குடியில் ஒரு நாள் தங்கவைத்தேன். மறுநாள் கொற்கை. பாண்டியர் துறைமுகம், முத்துக் குளித்த இடம் என்று வழியெல்லாம் அளந்தேன். இறங்கிப் பார்த்தால் வயலும் வாழையும் ஒரு கிழட்டு வன்னி மரமும்.

மச்சான் நாலு பக்கமும் பார்த்தார். "மாப்ளே, கடலை யாரு தூக்கிட்டுப் போனது?"

"அது பின்வாங்கிருச்சு மச்சான்."

"நீங்க வர்றீகன்னு தெரிஞ்சிருக்கும்."

மகள் சிரித்தாள். மனைவி மடியில் மாலை டப்பாவை வைத்துக்கொண்டு, "என்னங்க, வெரசாக் கோயிலுக்குப் போவோம்" என்றாள்.

திருச்செந்தூர் கோபுரம் தெரிந்தது. மச்சான் பிரேக்கில் காலை வைத்தார். நான் விடவில்லை. "மணப்பாடு பக்கந்தான், கடலோரக் குன்று மேல பழைய சர்ச் இருக்கு. பாத்துட்டு வந்து நிதானமா மாலையைப் போடுவோம்."

"சாமி வாசலைத் தாண்டிப் போறது நல்லாவா இருக்கு?" என்றாள் மனைவி.

"முருகன் எங்க போயிறப் போறாரு?"

இதைச் சொன்ன வாயைக் கொண்டுதான் இன்றும் திருப்புகழ் பாடுகிறேன்.

மணப்பாட்டில் மனைவியும் மகளும் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு அலையில் கால் நனைக்கப் போனார்கள். மச்சான் டீக்கடைக்குப் போனார். டப்பாவைத் திறந்து மாலையைக் குலுக்கினேன். உலர்ந்த காய் கலகலவென்று பேசும். இது பேசவில்லை. கடல் காற்றில் நமத்துப்போயிருந்தது.

ஏலத்தோட்டக்காரனுக்கு நமத்த காயைக் கண்டால் கை சும்மா இருக்காது. வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும். நிழலும் இதமான சூடும் வேண்டும். சுற்றிப் பார்த்தேன். ஜீப்பின் பானெட்! அப்போதுதான் அணைத்த இஞ்சின். மாலையை மெல்லிய துண்டில் சுற்றி உள்ளே வைத்து மூடினேன். நாலு சக்கரத்தில் ஓடும் ஸ்டோரைக் கண்டுபிடித்த பெருமையோடு, குன்றின் மேலிருந்த பழைய சர்ச்சைப் பார்க்க ஏறினேன்.

பாதி ஏறியபோது ஜீப் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. மச்சான் வண்டியை நிழலுக்கு மாற்றுகிறார். கத்திக்கொண்டே இறங்கி ஓடினேன். நான் குன்றைக் காட்டிக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தபடி கையை ஆட்டினார்.

இஞ்சின் ஃபேன் துண்டை இழுத்துவிட்டது. பானெட்டைத் தூக்கினால் கருப்பு எண்ணெயில் சிதறிய ஏலக்காய்.

"என்ன மாப்ளே, இஞ்சினுக்குள்ள பாயசமா வச்சீக?" என்ற மச்சான், தங்கை வருவதைப் பார்த்ததும் சிரிப்பை விட்டு ஒதுங்கி நின்றார்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. முழுதாகக் கிடந்த காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் துடைத்துப் பார்த்தாள். எண்ணெய் போகவில்லை.

"கடையில வாங்கிக் கோத்துப் போடுவோமா?" என்றேன்.

"நம்ம தோட்டத்துக் காயின்னுதான வேண்டுனேன்."

"சரி, சாமியவாவது பாத்துட்டுப் போவோம்."

"வெறுங்கையோட அவன் முன்னால எப்படி நிக்க? அண்ணே, வண்டியை ஊருக்கு விடுங்க."

திரும்பும்போது கோபுரம் மறுபடி வந்தது. ஓடுகிற ஜீப்பிலிருந்தே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். கோபுரம் மறைந்த பிறகும் வெகு தூரம் கையை இறக்கவில்லை.

அடுத்த பறிப்பில் மறுபடி நூற்றியெட்டு, மறுபடி விரதம். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். "நீங்க வந்தா அதைப் பாக்கணும்பீக, இதைப் பாக்கணும்பீக. தோட்டத்துல சோலி கெடக்கு, அதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்சில் போனாள். எங்கும் வேடிக்கை பார்க்காமல் மாலையைப் போட்டுவிட்டு, மறுநாளே வந்து கோயிலில் பன்னீர் இலையில் வைத்துத் தரும் இலை விபூதியை என் நெற்றியிலும் பூசினாள்.

ஊரில் கேட்டார்கள், "மாலை போட்டாச்சாண்ணே?" "போட்டாச்சு" என்றேன். பொய் இல்லைதானே! அதிலிருந்து கதை வளர்ந்தது. நான் விரதம் இருந்தேனாம், நான் கோர்த்தேனாம், கடல் காற்றிலும் காய் நமத்துப்போகவே இல்லையாம். பஜனை மடத்தில் என்னை முன்னால் உட்காரவைத்து இதைச் சொல்லும்போது, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். நானும் மறுத்ததில்லை.

ஆகவே பெரியவர்களே, தாய்மார்களே, இதை யாரிடம் சொன்னாலும் இருக்கிறபடியே சொல்லுங்கள். பானெட்டை விட்டுவிட வேண்டாம். கோயிலுக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டாம். மாலை போட்டவள் என் மனைவி.