மூன்று விரல் அகலம்

இடது காதுக்கு முன்னால் டக்கென்று ஒரு சத்தம். அதுதான் ஆரம்பம். மலை மேல் கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாயனத்தில் காம்போதியை இழுத்துக்கொண்டிருந்தேன். முனியாண்டியின் தவில் வார் தளர்ந்துவிட்டது என்று நினைத்து அவனை முறைத்தேன். அவனும் என்னை முறைத்தான். பிழை தன் பக்கம் இருக்கும் என்று நினைக்கிற வழக்கம் எங்கள் இருவருக்குமே கிடையாது.

மறுநாள் காலை கஞ்சி குடிக்க வாயைத் திறந்தால், கரண்டி உள்ளே போகவில்லை.

நாயனமோ கிளாரினெட்டோ புல்லாங்குழலோ, மூச்சை நம்பிப் பிழைக்கிற எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு வந்தது உங்களுக்கும் வரலாம். வந்தால் பயப்பட வேண்டாம். வராமலே பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

அது ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம். பெண்பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, லயத்தில் (தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்) அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். மேளத்துக்கு ஓய்வே இல்லை. ரிங்லெட்டில் இருந்த இன்னொரு நாயனக்காரரைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மலை முழுவதற்கும் நான் ஒருவன்தான் மிச்சம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

சீவாளி (நாயனத்தின் நுனியில் செருகி வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) ஊரிலிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் நின்றுபோயிற்று. ஆற்றோரத்து நாணலை வெட்டி நானே சீவாளி செய்தேன். அது மரக்கட்டை மாதிரி இருந்தது. எச்சிலில் ஊறினால் பதமாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே? அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போதே ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்வேன். தேயிலைக் காட்டில் பாதியை அழித்து மரவள்ளி போடச் சொல்லியிருந்தார்கள். கிழங்குக் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டி, மலை ஏறி இறங்கி, அந்தி வரை சீவாளியைக் கடித்தபடியே இருப்பேன். அப்புறம் வீட்டுக்கு வந்து நாயனத்தை எடுப்பேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை; சண்டை வந்ததும் போய்விட்டார். மிஞ்சியவர் அவருக்குக் கீழே கட்டுப் போட்டு மருந்து கொடுத்துவந்த டிரெஸ்ஸர்தான். அவர் வாயைத் திறக்கச் சொன்னதும், கன்னத்தில் அடக்கியிருந்ததை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

“அது என்னா?” என்றார்.

“சீவாளிங்க. பதமாகட்டும்னு வச்சிருக்கேன்.”

“எம்மா நேரம் வப்பீங்க?”

“சாப்புடறப்ப எடுத்துருவேன்.”

அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தினார். எனக்கு உயிர் போயிற்று. தாடை மூட்டுப் பிடிப்பு (கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேரும் கீல், சுற்றியுள்ள தசை இறுகியதால் அசைய முடியாமல் போவது) என்று சொன்னார். நன்றாக இருக்கிற வாயில் மூன்று விரலை மேலும் கீழுமாக அடுக்கி நுழைக்கலாமாம். எனக்கு ஒரு விரல்தான் போயிற்று. கயிறு தலையை இழுக்க இழுக்கக் கழுத்து முன்னால் நீண்டு, அந்தக் கழுத்து தாடையையும் சேர்த்து இழுத்திருக்கிறது. கழுத்தும் தாடையும் ஒரே வீட்டு அண்ணன் தம்பி, ஒருவனை விட்டு ஒருவனுக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்றார்.

என் மகள் செல்விக்குத் தை மாதம் கல்யாணம் பேசி வைத்திருந்தோம். மாப்பிள்ளை ரிங்லெட் பக்கத்துத் தோட்டம். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கெட்டிமேளம் வாசித்தவன் சொந்த மகள் கல்யாணத்தில் ஊமையாக உட்காருவதா? அதை டிரெஸ்ஸரிடம் கேட்டேன்.

“அதுவரைக்கும் நாயனத்தத் தொடாதீங்க. சொன்னதச் செஞ்சா வாசிக்கலாம். செய்யலன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல லா.”

மருந்து இருந்திருந்தால் மருந்தைக் கொடுத்து அனுப்பியிருப்பார். அலமாரி காலியாக இருந்ததால்தான் எனக்குப் பயிற்சி கிடைத்தது.

முதல் பாடம் எளிது, அதுதான் எனக்கு மலையாகிப் போனது. உதடு சேர்ந்திருக்க வேண்டும், பல்லும் பல்லும் சேரக் கூடாது. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் சும்மா படுத்திருக்க வேண்டும். வாசிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் தாடைக்கு அதுதான் இருப்பிடம். சீவாளி இல்லாத வாயிலும் நான் பல்லைக் கடிக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. குளிருக்குக் கடித்தேன், கூடை தூக்கக் கடித்தேன், ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணக்கம் வைக்கும்போது இன்னும் பலமாகக் கடித்தேன். என் மனைவி அஞ்சலை அடுப்படியிலிருந்தே “பல்லு” என்பாள். எப்படித்தான் கண்டுபிடிப்பாளோ! பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பெரியவர்கள் யாரும் நாயனம் வாசித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், வெந்நீரில் பிழிந்த துணியைக் கன்னத்தில் வைத்து எடுத்தபின், நாக்கை அண்ணத்தில் ஒட்டியபடி வாயை மெல்லத் திறக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் என் தாடை இடது பக்கமாகக் கோணிக்கொண்டு போகும். அதை நேராக இறக்கப் பழக வேண்டும். பிறகு மோவாய்க்கடியில் இரண்டு விரலை வைத்து, லேசான தடைக்கு எதிராகத் திறக்க வேண்டும். கழுத்துக்கு: சுவரில் முதுகையும் பின்மண்டையையும் சாய்த்து நின்று, மோவாயை உள்ளே இழுத்து, மூச்சு விட்டுத் தளர்த்துவது. தோளைக் காதுவரை தூக்கிப் பொத்தென்று போடுவது. வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். வலியை மிரட்டி ஜெயிக்க முடியாது. லயத்துச் சுவரில் நான் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, யாரிடம் தண்டனை வாங்கினாய் என்று முனியாண்டி கேலி செய்வான்.

செல்விதான் எனக்குக் கஞ்சி ஊட்டினாள். மரவள்ளி மாவைக் கரைத்துக் காய்ச்சிய, பேருக்குக் கஞ்சி. ஊட்டும் முன் என் வாயருகே விரல்களை வைத்து அளப்பாள். கார்த்திகையில் இரண்டு விரல் போயிற்று. மார்கழிப் பனியில் விறகு சுமக்கப் போய், நெற்றிக் கயிறு மறுபடி வேலையைக் காட்டியது. பழையபடி ஒரு விரல். அன்றைக்கு நான் அழுதேன். அவள் போய், குடிக்கத் தோதாகக் கஞ்சியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு சுமையை முதுகிலும் தோளிலும் மாற்றிக்கொண்டேன். சீவாளிக்கும் வழி செய்தேன். ஊரில் நெல்லோடு சேர்த்து நாணலை அவிப்பார்கள். நெல் ஏது? மரவள்ளி வேகும் பானையில் போட்டு அவித்து, நிழலில் காயவைத்து, மெல்லிசாகச் செதுக்கினேன். கடிக்காமலே பேசியது.

முகூர்த்தத்தன்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பெண்ணைப் பெற்றவன் மணவறையில் நிற்காமல் மேளத்தோடு உட்காரலாமா என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். தாரை வார்க்க என் தம்பியை நிறுத்தி, அந்தப் பேச்சை அஞ்சலைதான் முடித்து வைத்தாள்.

“அவரு இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்காரு.”

நாயனத்தை வாய்க்குக் கொண்டுவந்தேன். வாயை நாயனத்துக்குக் கொண்டுபோகவில்லை. முன்பெல்லாம் ஊத ஆரம்பித்ததுமே கழுத்து நரம்பு புடைக்கும். அன்று உதடு மட்டும் பிடித்தது, தாடை தொங்கியபடி இருந்தது, மூச்சு அடிவயிற்றிலிருந்து வந்தது. கெட்டிமேளத்துக்குக் கை காட்டினார்கள். முனியாண்டி தவிலைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்து அடித்தான். மகள் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. கண்ணை நீர் மறைத்தது. சத்தம் மட்டும் சுத்தமாக இருந்தது.

அதன்பின் நாயனத்தைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு என் தாடைக்கு அவ்வளவுதான் சக்தி என்று எனக்குத் தெரிந்திருந்தது. பழைய நானாக இருந்தால் ஊர்வலம் முழுக்க வாசித்து, மறுநாள் கஞ்சிக்கு அழுதிருப்பேன்.

ரிங்லெட்டுக்குப் புறப்படும் முன் செல்வி வந்தாள். மரவள்ளியும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை அவள் கையில் இருந்தது. “அப்பா, தொறங்க” என்றாள். வழக்கம்போல முதலில் விரல்களை வைத்து அளந்தாள். மூன்றும் போயின. உருண்டையை முழுசாக உள்ளே வைத்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். வாய் நிறைய இருந்ததால் என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை.

இப்போது சண்டை முடிந்து கப்பலும் வருகிறது, ஊர்ச் சீவாளியும் வருகிறது. இருந்தாலும் காலையில் விழித்ததும் என் கை முதலில் வாய்க்குத்தான் போகிறது. மூன்று விரல் போனால் அன்று கச்சேரி. இரண்டு போனால் ஓய்வு. பஞ்சாங்கத்தைவிட இதைத்தான் நம்புகிறேன். தாடை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் பாதி ஆயுசு வாசித்தவன், இன்று அதனிடம் கேட்டுக்கொண்டுதான் நாயனத்தை உறையிலிருந்து எடுக்கிறேன்.

செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியில் வந்து இறங்குவாள். சௌக்கியமா என்று கேட்க மாட்டாள். தூரத்திலிருந்தே மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவாள். நான் வாயைத் திறந்து காட்டுவேன்.